5 தோட்டா போதுமா? அமெரிக்காவில் ஓயாத ‘கூடுதல் தோட்டா’ விவாதம்: சட்டம் என்ன சொல்கிறது, சிக்கல் எங்கே?

பேன்ட் பாக்கெட்டுக்குள் அடங்கிவிடும் ஒரு குட்டி ரிவால்வர். அதில் 5 தோட்டாக்கள். அதோடு, இன்னொரு பாக்கெட்டில் ஒரு ரப்பர் பட்டையில் செருகிய மேலும் சில தோட்டாக்கள்.

அமெரிக்காவில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி பெற்ற பலர் தினமும் வீட்டை விட்டுக் கிளம்புவது இப்படித்தான். அந்த இரண்டாவது பாக்கெட் தோட்டா தேவையா, தேவையில்லையா என்பது அங்கே பல ஆண்டுகளாக ஓயாத விவாதம். கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் இதற்குள் போலீஸ் வரலாறு இருக்கு, நீதிமன்ற வழக்கு இருக்கு, விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்களின் கதையும் இருக்கு.

அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் நம்ம ஊர்க்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று கடைசியில் வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அது ஏன் 5 தோட்டா மட்டும்?

ரிவால்வரில் தோட்டாக்கள் இருப்பது சுழலும் உருளையில். ‘சிலிண்டர்’ என்பார்கள். அந்தக் காலத்து போலீஸ் ரிவால்வர்களில் வழக்கமாக 6 தோட்டா. துப்பாக்கியை ஒல்லியாக்க வேண்டுமென்றால் சிலிண்டரைச் சிறியதாக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு தோட்டாவுக்கான இடம் போய்விடும்.

1950-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்ற குட்டி ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. .38 ஸ்பெஷல் ரகத் தோட்டா, எண்ணிக்கை 5. பின்னாளில் ‘மாடல் 36’ என்று பெயர் மாறியது. இந்த அளவுக்கு ‘ஜே-ஃப்ரேம்’ என்று பெயர். இன்றைக்கும் மறைத்து எடுத்துச் செல்பவர்களிடம் அதிகம் புழங்கும் ரிவால்வர் வகைகளில் இதுவும் ஒன்று. அலுமினியச் சட்டகம் கொண்ட மாடல்கள் அரை கிலோகூட வராது.

இன்றைய பிஸ்டல்களின் கதை வேறு. கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் 10, 15, 17 தோட்டா வரை பிடிக்கும். காலியானால் மேகசினை உருவிவிட்டு அடுத்ததைத் தள்ளினால் போதும். ரிவால்வரில் அப்படி முடியாது. சிலிண்டரைத் திறந்து, காலி உறைகளை வெளியே தள்ளி, புதிய தோட்டாக்களை நிரப்பி, மறுபடியும் மூட வேண்டும். பதற்றத்தில் கை நடுங்கும்போது இது சுலபமான வேலை இல்லை.

கூடுதல் தோட்டாவை எப்படி எடுத்துப் போகிறார்கள்?

பழைய முறை, இடுப்புப் பெல்ட்டில் ஒரு சின்னப் பை. மூடியைத் திறந்தால் தோட்டாக்கள் கையில் கொட்டும். ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட வேண்டும்.

அடுத்து வந்தது ‘ஸ்பீட்லோடர்’. வட்ட வடிவக் கருவி. எல்லாத் தோட்டாக்களையும் ஒரே நேரத்தில் சிலிண்டருக்குள் இறக்கிவிடும். வேகம் அதிகம்தான். ஆனால் உருண்டையாக இருப்பதால் பாக்கெட்டில் புடைத்துக்கொண்டு தெரியும்.

மூன்றாவது, ‘ஸ்பீட் ஸ்ட்ரிப்’. தோட்டாக்களை வரிசையாகச் செருகிய ரப்பர் பட்டை. தட்டையாக இருப்பதால் பாக்கெட்டில் இருப்பதே தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒன்று அல்லது இரண்டு தோட்டாக்களாகத்தான் நிரப்ப முடியும்.

இன்னொரு வழியும் உண்டு. தோட்டா நிரப்புவதற்குப் பதிலாக இரண்டாவது துப்பாக்கியையே எடுத்துப் போவது. இதற்கு ‘நியூயார்க் ரீலோட்’ என்றே ஒரு செல்லப்பெயர் இருக்கு.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

இது முதலில் போலீஸின் பயம். பொதுமக்களுக்கு அங்கிருந்துதான் வந்தது.

1970 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் நியூஹால் பகுதியில் ஒரு காரை நெடுஞ்சாலை போலீஸ் மடக்கியது. காரில் இருந்தவர்கள் சுட்டார்கள். சில நிமிடங்களில் 4 அதிகாரிகள் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் கொல்லப்பட்டது, காலியான ரிவால்வரில் தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்த நேரத்தில். அமெரிக்க போலீஸ் பயிற்சியையே மாற்றிய சம்பவங்களில் இதுவும் ஒன்று. அதன் பிறகு கலிஃபோர்னியா நெடுஞ்சாலை போலீஸ் ஸ்பீட்லோடருக்கு மாறியது.

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் 8 பேர், வங்கிக் கொள்ளையர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட இருவரை மடக்கினார்கள். கொள்ளையர்களில் ஒருவரிடம் தானியங்கி முறையில் தோட்டா நிரம்பும் ரைஃபிள். அதிகாரிகளில் பெரும்பாலானோரிடம் ரிவால்வர். எஃப்.பி.ஐ. தரப்பில் 2 பேர் இறந்தார்கள், 5 பேர் காயமடைந்தார்கள். கையில் காயம்பட்ட நிலையில் ரிவால்வரில் தோட்டா நிரப்பப் போராடிய அதிகாரியும் அங்கே இருந்தார். இதற்குப் பிறகு எஃப்.பி.ஐ. ரிவால்வரைக் கைவிட்டு பிஸ்டலுக்கு மாறியது. நியூயார்க் போலீஸ் 1993-இல் 9 எம்.எம். பிஸ்டலுக்கு மாறத் தொடங்கியது.

‘தோட்டா தீர்ந்துபோன நேரம்தான் சாவு வரும் நேரம்’ என்ற பாடம் அங்கே இப்படித்தான் ஆழமாகப் பதிந்தது.

போலீஸுக்குச் சரி, சாதாரண ஆளுக்கும் இது பொருந்துமா?

விவாதமே இங்கேதான். போலீஸின் வேலை ஆளைத் துரத்திப் பிடிப்பது. துப்பாக்கிச் சண்டை நடக்கும் இடத்துக்கு அவர்கள் போயே ஆக வேண்டும். தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பவரின் நோக்கம் அங்கிருந்து தப்பிப்பது. இருவரின் தேவையும் ஒன்றாக இருக்க முடியாது என்பது ஒரு தரப்பு.

பொதுமக்கள் தற்காப்புக்காக எத்தனை முறை சுடுகிறார்கள் என்று நாடு முழுக்கக் கணக்கெடுக்கும் அரசுப் பதிவேடு அமெரிக்காவில் இல்லை. அதனால் நீதிமன்றங்களில் வேறு வகைக் கணக்குகள் வருகின்றன. தேசிய துப்பாக்கி சங்கமான என்.ஆர்.ஏ. வெளியிடும் தற்காப்புச் செய்திகளை, 2011 முதல் 2017 வரை, ஒரு பொருளாதார நிபுணர் தொகுத்துப் பார்த்தார். சராசரியாக 2.2 தோட்டாக்கள்தான் சுடப்பட்டிருந்தன. மேகசின் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் மாநில அரசுகள் இதை நீதிமன்றத்தில் காட்டுகின்றன. “அவை தேர்ந்தெடுத்த செய்திகள், முழுக் கணக்கு இல்லை. சராசரியை வைத்து ஒருவர் தன் உயிரைத் திட்டமிட முடியாது” என்பது எதிர்த்தரப்பின் பதில்.

ஒரே எண், இரண்டு அர்த்தம்

இன்னொரு கணக்கைப் பாருங்கள். ரேண்ட் ஆய்வு நிறுவனம் நியூயார்க் போலீஸின் துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்து 2008-இல் அறிக்கை தந்தது. 1998 முதல் 2006 வரை, இரு தரப்பும் சுட்டுக்கொண்ட சண்டைகளில் போலீஸ் சுட்ட தோட்டாக்களில் சராசரியாக 18 சதவீதம்தான் இலக்கில் பட்டன. எதிராளி திருப்பிச் சுடாத சம்பவங்களில்கூட 30 சதவீதம்தான். பயிற்சி பெற்ற போலீஸுக்கே இந்த நிலை.

கூடுதல் தோட்டாவை ஆதரிப்பவர்கள் இதை வைத்து ஒரு கணக்குப் போடுகிறார்கள். 18 சதவீதம் என்றால், 5 தோட்டாவில் ஒன்றுகூட முழுசாகப் படாது. அப்போ 5 எப்படிப் போதும்?

எதிர்ப்பவர்களும் இதே எண்ணைத்தான் எடுக்கிறார்கள். 5 தோட்டாவில் 4 வேறு எங்கோ போய்ப் படுகிறது என்றால், இன்னும் 5 கொடுத்தால் என்ன ஆகும்? சுவர், கார், ஜன்னல், பக்கத்தில் நிற்கும் மனிதர், எதில் வேண்டுமானாலும் படலாம்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2012 ஆகஸ்ட் 24 அன்று நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் அருகே, ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு நடந்துபோன நபரை இரண்டு போலீஸ் அதிகாரிகள் எதிர்கொண்டார்கள். இருவரும் சேர்ந்து 16 முறை சுட்டார்கள். அந்த நபர் இறந்தார். ஆனால் தெருவில் இருந்த 9 பேர் காயமடைந்தார்கள். அத்தனை காயத்துக்கும் காரணம் போலீஸ் சுட்ட தோட்டாக்களும், தெறித்த துண்டுகளும்தான் என்று நியூயார்க் போலீஸே தெரிவித்தது.

அதனால்தான் துப்பாக்கிப் பயிற்சியாளர்களிலேயே ஒரு பகுதியினர், ‘எத்தனை தோட்டா வைத்திருக்கிறாய் என்பதைவிட, எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தாய் என்பதே முக்கியம்’ என்கிறார்கள். குட்டி ரிவால்வருக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். குழல் குட்டை, எடை குறைவு, உதைப்பு அதிகம். குறிபார்த்துச் சுடுவது கடினம்.

சட்டம் என்ன சொல்கிறது? வாஷிங்டனின் ‘20 தோட்டா’ கதை

அமெரிக்காவில் இதற்கு ஒரே பதில் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இதில் சுவாரஸ்யமான உதாரணம் தலைநகர் வாஷிங்டன் டி.சி.

1976 முதல் அங்கே கைத்துப்பாக்கிக்கே தடை. 2008-இல் ‘ஹெல்லர்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்தத் தடையை ரத்து செய்தது. வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்றது. ஆனால் வெளியே எடுத்துப் போகத் தடை நீடித்தது. 2014-இல் நீதிமன்றம் அதையும் நிறுத்த, நகர நிர்வாகம் லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தது.

அந்த லைசென்ஸ் விதிகளில்தான் ‘கூடுதல் தோட்டா’வுக்கு நேரடியான வரம்பு இருந்தது. துப்பாக்கியை இரண்டு முறை முழுசாக நிரப்பத் தேவையான அளவுக்கு மேல் தோட்டா எடுத்துப் போகக் கூடாது. எப்படியிருந்தாலும் மொத்தம் 20-ஐத் தாண்டக் கூடாது.

அதாவது 5 தோட்டா ரிவால்வர் வைத்திருப்பவருக்கு 10 தோட்டாதான். துப்பாக்கியில் 5, பாக்கெட்டில் 5.

2022 ஜூன் 23 அன்று ‘ப்ரூன்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் இன்னொரு பெரிய தீர்ப்பை வழங்கியது. வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்வதும் உரிமை. ‘எனக்கு விசேஷமான காரணம் இருக்கு’ என்று குடிமக்கள் நிரூபிக்கத் தேவையில்லை. கட்டுப்பாடுகள் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்றது.

இந்தத் தீர்ப்பை வைத்து வாஷிங்டனின் தோட்டா வரம்புக்கு எதிராக வழக்குப் போடப்பட்டது. வழக்கு முடியும்வரை காத்திருக்காமல், அந்த ஆண்டே நகர காவல்துறை வரம்பை விலக்கிக்கொண்டது.

மற்ற மாநிலங்களில்?

பல மாநிலங்களில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸே தேவையில்லை. 2024-இல் தென் கரோலினா இந்தப் பட்டியலில் சேர்ந்தபோது எண்ணிக்கை 29 ஆனது.

மறுபக்கம், நியூயார்க்கில் லைசென்ஸ் வேண்டுமென்றால் 16 மணி நேர வகுப்பும், 2 மணி நேர நேரடிச் சுடும் பயிற்சியும் கட்டாயம். 2023 செப்டம்பர் முதல் தோட்டா வாங்கினாலும் பின்னணிச் சோதனை நடக்கிறது. நியூ ஜெர்ஸியில், உடலுக்குள் விரியும் ‘ஹாலோ பாயின்ட்’ ரகத் தோட்டாவை வெளியே எடுத்துச் செல்லக் கட்டுப்பாடு உண்டு. மாசசூசெட்ஸில் தோட்டா வைத்திருக்கவே உரிமம் வேண்டும். சுட்ட பிறகு மிஞ்சும் காலி உறைகூட அந்த மாநிலச் சட்டத்தில் ‘தோட்டா’ என்ற வரையறைக்குள் வரும்.

10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினுக்கு கலிஃபோர்னியா உள்ளிட்ட சில மாநிலங்களில் தடை இருக்கு. இந்தத் தடை குட்டி ரிவால்வரைத் தொடாது. அதில் மேகசினே இல்லையே!

ஆக, ஒரு மாநிலத்தில் பாக்கெட்டில் சாதாரணமாக வைத்திருக்கும் பட்டை, நெடுஞ்சாலையில் எல்லைப் பலகையைத் தாண்டியதும் வழக்காக மாறலாம்.

பையில் மறந்த தோட்டா: யாரும் பேசாத சிக்கல்

‘6-வது தோட்டா தேவைப்படுமா?’ என்று பலரும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அந்தத் தோட்டா வேறு எங்கே போய் மாட்டும் என்று பேசுபவர்கள் குறைவு.

துப்பாக்கி கையில் கனக்கும், நினைவில் இருக்கும். ஒற்றைத் தோட்டா அப்படி இல்லை. பையின் ஓரத்தில், ஜாக்கெட் பாக்கெட்டில், சூட்கேஸ் மடிப்பில் மாதக்கணக்கில் கிடக்கும்.

துப்பாக்கியையே மறந்துவிட்டு வருபவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ. 2023-இல் மட்டும் பயணிகளின் கைப்பைச் சோதனையில் 6,737 துப்பாக்கிகளைப் பிடித்தது. அதில் சுமார் 93 சதவீதம் தோட்டா நிரப்பியவை. துப்பாக்கிக்கே இந்த நிலை என்றால், விரல் நீளம்கூட இல்லாத தோட்டாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உள்நாட்டில் இது அபராதத்தோடு முடியலாம். வெளிநாட்டில்? கரீபியனில் உள்ள பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி டர்க்ஸ் அண்ட் கைகோஸ். சுற்றுலாத் தீவு. அங்கே அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் குறைந்தபட்சம் 12 ஆண்டு சிறை என்று சட்டம் இருந்தது. 2024-இல் அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் சிலர் பையில் தோட்டாக்களோடு அடுத்தடுத்துப் பிடிபட்டார்கள். துப்பாக்கி இல்லை, வெறும் தோட்டா. மறந்துபோய்ப் பையில் கிடந்தவை என்பது அவர்கள் தரப்பு. ஒரு சம்பவத்தில், அமெரிக்க விமான நிலையச் சோதனையில் அந்தத் தோட்டாக்களைக் கவனிக்காமல் விட்டதை டி.எஸ்.ஏ.வே ஒப்புக்கொண்டது.

குடும்பத்தைப் பிரிந்து, வாரக்கணக்கில் தீவிலேயே முடங்கிக் கிடந்தார்கள். கடைசியில் அவர்களில் பெரும்பாலானோர் அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையுமாக வீடு திரும்பினார்கள். அந்த ஆண்டு ஜூனில், விசேஷச் சூழல் இருந்தால் தண்டனையை முடிவு செய்வதில் நீதிபதிக்குக் கூடுதல் சுதந்திரம் தரும்படி சட்டமும் திருத்தப்பட்டது.

இந்தியாவில் என்ன நிலை?

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கிக்கு மட்டுமில்லை, தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பது லைசென்ஸிலேயே எழுதப்பட்டிருக்கும். லைசென்ஸ் இல்லாதவரிடம் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

விமான நிலைய ஸ்கேனரில் பையில் ஒற்றைத் தோட்டா தெரிந்து, பயணி போலீஸிடம் ஒப்படைக்கப்படும் செய்திகள் இங்கேயும் அடிக்கடி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவிலிருந்து வருபவருக்கு அங்கே லைசென்ஸ் இருந்தாலும், அது இங்கே செல்லாது.

இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கு. தன்னிடம் அது இருப்பது தெரிந்தே வைத்திருந்தாரா என்பதை நீதிமன்றம் பார்க்கும். இதை ‘அறிந்தே வைத்திருத்தல்’ என்பார்கள். உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கிலும், 1994-இல் சஞ்சய் தத் வழக்கிலும் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. இதன் அடிப்படையில், பையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா வழக்குகள் பலவற்றை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது.

ஆனால் அதெல்லாம் பிறகு. முதலில் விமானம் போய்விடும். எஃப்.ஐ.ஆர். பதிவாகும். வக்கீல், உயர் நீதிமன்றம், அலைச்சல் என்று எல்லாம் முடியப் பல மாதம் ஆகலாம்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் அல்லது நண்பரின் பையையோ ஜாக்கெட்டையோ இரவல் வாங்கி ஊருக்கு வருபவர்கள், பேக் செய்வதற்கு முன் எல்லா அறைகளையும் ஒருமுறை தலைகீழாகக் கொட்டிப் பார்ப்பது நல்லது. துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு ஜாலியாகப் போய்விட்டு ‘ஞாபகார்த்தம்’ என்று தோட்டாவையோ காலி உறையையோ எடுத்து வருவதும் வேண்டாத வேலை.

அப்போ, கூடுதல் தோட்டா பாதுகாப்பு தருமா?

அமெரிக்காவில் 2023-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் சுமார் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். அதாவது பத்தில் கிட்டத்தட்ட ஆறு பேர். கொலை செய்யப்பட்டவர்கள் சுமார் 17,900 பேர்.

துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை தெருச் சண்டையில் நடப்பவை அல்ல என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. அந்தச் சாவுகளைத் தடுப்பது வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பதும், மன உளைச்சலில் இருப்பவரின் கைக்கு அது எட்டாமல் பார்த்துக்கொள்வதும்தான். பாக்கெட்டில் இருக்கும் இரண்டாவது பட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தோட்டா தீர்ந்துபோகும் சூழல் வரவே வராது என்று யாரும் சொல்ல முடியாது. நியூஹாலில் வந்தது, மயாமியில் வந்தது. அந்த அரிதான நிமிடத்துக்காகப் பாக்கெட்டில் இன்னும் 5 தோட்டா வைத்துக்கொள்வதைத் தவறு என்றும் பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் சொல்லவில்லை.

ஆனால் அந்த 5 தோட்டாவுக்கும் அதை வைத்திருப்பவர்தான் பொறுப்பு. சுட்டால் அது எங்கே போய்ப் படுகிறது என்பதற்கும், சுடாவிட்டால் அது எந்தப் பையில் கிடக்கிறது என்பதற்கும்.